வத்சலா மிஸ்ஸின் இடது கை

செய்தி வந்தபோது நான் கடற்பாசி காய்ச்சிக்கொண்டிருந்தேன். கட்டுகஸ்தோட்டையில் ஆற்றைப் பார்த்தபடி இருக்கும் எங்கள் பயிற்சி நிலையத்தின் பின்னறையில், வத்சலா மிஸ்ஸுக்குப் பதிலாக வேறொருவர் எடுக்கவிருந்த அடுத்த நாள் வகுப்புக்காக. அங்கே கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் ருவான் அண்ணா வாசலில் வந்து நின்றார். அவர் என்னோடு எப்போதும் தமிழில்தான் பேச முயற்சி செய்வார். பிழைவிட்டால் தானே சிரித்துக்கொள்வார். அன்று சிங்களத்தில் சொன்னார். வத்சலா மிஸ் விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்று.

நான் கிண்டுவதை நிறுத்தவில்லை. இடையில் நிறுத்தினால் கட்டி பிடிக்கும் என்று சொல்லித் தந்தவர் மிஸ்தான். அடுப்பை அணைக்கலாம் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. ருவான் அண்ணா உள்ளே வந்து அணைத்தார். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் கிண்டினேன்.

மிஸ்ஸின் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் ஒன்று அச்சிடுவதாகவும் அதில் நானும் எழுதவேண்டும் என்றும் அவருடைய தமையனார் கேட்டார். இந்த மலரில் அவருடைய ஆசிரியர்களும் அவரிடம் படித்த வைத்தியர்களும் பொறியியலாளர்களும் எழுதுகிறார்கள். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அந்த நிலையத்தில் போத்தல் கழுவுகிறவள். மிஸ் என்ன கண்டுபிடித்தார், எங்கே எல்லாம் பேசினார் என்பதை மற்றவர்கள் எழுதுவார்கள். பின்னறையிலிருந்து பார்த்ததை மட்டும் நான் எழுதுகிறேன்.

என் வீடு கலஹாப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடம் நின்ற பிறகு கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் சித்தியோடு தங்கினேன். அவர் மூலமாகத்தான் அந்த வேலை கிடைத்தது. எனக்கு ஆட்களோடு பேச வராது. ஆள் நிறைந்த அறைக்குள் போகவேண்டும் என்றால் தேநீர்த் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிடுவேன். முதல் நாள் மிஸ் என் பெயரைக் கேட்டார். எனக்குச் சத்தம் வரவில்லை.

"என்ன பிள்ளை, வாய் இருக்கோ?"

"இருக்குங்க மிஸ்."

"அப்ப நல்லது. இங்க எல்லாருக்கும் ரெண்டு வாய். நீர் வந்து சராசரியைக் குறைச்சிட்டீர்."

எல்லாரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, தங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அதனால்தான் அடுத்த நாளும் வேலைக்குப் போனேன்.

மிஸ் நடத்திய பயிற்சிப் பட்டறைகள் உடலுக்குள் இரத்தம் எப்படி ஓடுகிறது என்பதை ஸ்கேன் கருவியில் பார்ப்பதற்கானவை. புதிதாகப் பழகுகிறவர்கள் முதலில் மனிதரைத் தொடமாட்டார்கள். கடற்பாசியைக் காய்ச்சி, மெல்லிய இறப்பர்க் குழாய் ஒன்று நடுவில் போகும்படி சோற்றுப் பெட்டியில் ஊற்றி உறையவிடுவோம். குழாய்க்குள் சோளமா கலந்த தண்ணீரைச் சின்ன மோட்டார் ஒன்று தள்ளும். ஸ்கேன் திரையில் அது சதையும் இரத்தமும் போலவே தெரியும். அக்குறணையிலிருந்து வந்த ஒரு டொக்டர் ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

"எங்கட உம்மா நோன்புக்கு இதுக்குச் சீனியும் கஜுவும் போடுவா மிஸ். இப்பிடி வீணாக்குறீங்களே."

"சாப்பிடுங்கோ டொக்டர். பிறகு உங்களத்தான் ஸ்கேன் பண்ணுவம், குழாய் எங்க போச்சுது எண்டு."

நான் முதன்முதலில் காய்ச்சிய கடற்பாசி முழுக்கக் காற்றுக் குமிழி. திரையில் பார்த்தால் கல் விழுந்த அரிசி போல இருந்தது. பயிற்சிக்கு வந்தவர்கள் முன்னால் மிஸ் ஒன்றும் சொல்லவில்லை. பின்னறைக்கு வந்துதான் கேட்டார்.

"கோவத்தில கிண்டினீரோ?"

"இல்லிங்க மிஸ். நேரமாச்சுன்னு வேகமா கிண்டிட்டேன்."

"ஆறுதலாக் கிண்டும். அவசரப்பட்டா அது படத்தில தெரியும்."

இதை அவர் மாணவர்களிடமும் சொல்லுவார். கருவியை அழுத்திப் பிடித்தால், படம் வருவதற்கு முன்பே முடிவை எழுதினால், "அவசரம் படத்தில தெரியுது" என்பார். அவரிடம் படித்த எல்லாருக்கும் இந்த வாக்கியம் ஞாபகம் இருக்கும்.

அவருடைய இடது கையும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மிஸ்ஸின் சிறுநீரகங்கள் பல வருடங்களுக்கு முன்பே செயலிழந்துவிட்டன. பொருந்தக்கூடிய சிறுநீரகம் ஒன்று கிடைக்கவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டு வருவார். அதற்காக இடது முன்னங்கையில் இரத்தத்தைக் கொண்டுவரும் நாடி ஒன்றையும் அதைத் திருப்பிக் கொண்டுபோகும் நாளம் ஒன்றையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். இதயத்திலிருந்து வரும் இரத்தம் நேரே நாளத்துக்குள் பாய்ந்து அதைத் தடிக்கவைக்கும். அந்தத் தடித்த இடத்தில்தான் சுத்திகரிப்பு ஊசியைக் குத்துவார்கள். தோலுக்கு அடியில் கயிறு ஒன்று ஓடுவது போல இருக்கும். வெளி ஆட்கள் அதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மிஸ் சட்டைக் கையை மடித்துவிட்டு மேசையில் நீட்டி வைப்பார். "இது என்ர சொந்த உபகரணம். வாடகை இல்லை" என்பார்.

அவருடைய பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. கடற்பாசியில் பழகி முடிந்ததும் எல்லாரும் வரிசையாக வந்து அவருடைய கையில் முதலில் உள்ளங்கையை வைக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் ஜெல் பூசி ஸ்கேன் பண்ணலாம். "கருவி வைக்க முதல் கை வையுங்கோ. கைக்கு கரண்ட் தேவையில்லை."

ஒருநாள் எல்லாரும் தேநீருக்குப் போன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"உமக்கு மட்டும் என்ன விலக்கு? வந்து வையும்."

வைத்தேன். எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைச் சுவரில், உள்ளே இயந்திரங்கள் ஓடும்போது வெளியிலிருந்து கை வைத்தால் ஒரு நடுக்கம் வரும். சின்ன வயதில் நாங்கள் அதை விளையாட்டாகச் செய்வோம். மிஸ்ஸின் கையில் அதே நடுக்கம் இருந்தது. நான் அதைச் சொன்னதும் அவருக்குப் பெரிய சந்தோசம்.

"அப்ப நான் ஒரு பக்டரி. இது ஓடுமட்டும் நானும் ஓடுவன், பிள்ளை."

அன்றிலிருந்து, அவருடைய மேசையில் நான் காலைத் தேநீரை வைத்ததும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டுவார்.

"மெஷின் ஓடுதோ பாரும்."

"ஓடுதுங்க மிஸ்."

பல நாட்களில் நான் யாரோடும் பேசியது அவ்வளவுதான்.

பட்டறையின் இரண்டாம் நாள் இழையப் பொறியியல், அதாவது செல் என்று சொல்லும் கலங்களை வளர்த்து உடற்பாகம் உண்டாக்கும் பாடம். அதற்கு நான் கட்டுகஸ்தோட்டைச் சந்தையில் பசளிக்கீரை வாங்கி வருவேன். காம்பு முறியாத, ஓட்டை இல்லாத இலையாகப் பார்த்து எடுத்தால் கீரைக்கார அக்கா, "என்ன புள்ள, கல்யாணத்துக்கா பாக்குற?" என்று கேட்பார். இலையின் காம்பு வழியாகச் சவர்க்காரம் போன்ற ஒரு திரவத்தைச் சில நாட்கள் துளித்துளியாக விட்டால் பச்சை எல்லாம் கழன்று போய்விடும். இலை கண்ணாடி போலாகிவிடும். நரம்புகள் மட்டும் அப்படியே நிற்கும். மிஸ் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார்.

"இருந்த ஆக்களை எழுப்பி அனுப்பியாச்சு. வீடு மட்டும் நிக்குது. இனி நாங்கள் விரும்பின கலங்களைக் கொண்டுவந்து குடியிருத்தவேணும். ஆனா வீட்டுக்குள்ள தண்ணி வரப் பாதை வேணும். அதுக்குத்தான் இந்த நரம்பு."

அவருடைய சொந்த ஆராய்ச்சி, சூடான அலுமாரி போன்ற ஒரு பெட்டிக்குள் இருந்தது. சின்ன விரல் நீளத்தில் ஒரு குழாய். அதன் உள்சுவரில் எலியின் கலங்களை வளர்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் அவை குழாய் முழுக்கப் படர்ந்தால் அது உண்மையான இரத்தக் குழாய் போல வேலை செய்யும் என்று யாருக்கோ விளக்கியதை நான் கேட்டிருந்தேன். ஒரு காலையில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

"மிஸ், இது வளந்ததும் ஒங்க கையில வச்சுக்கலாங்களா?"

அவர் சிரிக்கவில்லை. தேநீரை ஒரு வாய் குடித்தார்.

"இது இன்னும் எலிக்கே வைக்கேல்லை, பிள்ளை. மனுசருக்கு வரக் கனகாலம் எடுக்கும். எனக்கு வராது. உம்மட வயசில இருக்கிற ஆருக்கோ வரும்."

விளங்கியது என்று தலையாட்டினேன். ஆனாலும் தினமும் காலையில் நிலையத்தைத் திறந்ததும் அந்தப் பெட்டியின் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்ப்பேன். முந்தின நாள் இருந்ததைவிட ஒரு நூல் தடித்திருக்கிறதா என்று. கண்ணுக்குத் தெரியும் விஷயம் அல்ல அது. இருந்தும் பார்த்தேன்.

இனி அந்தச் சனிக்கிழமையைப் பற்றி எழுதவேண்டும்.

அது கடைசிப் பட்டறை என்று யாருக்கும் தெரியாது. பதுளையிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். மண்டபம் நிறைந்திருந்தது. காலையில் தேநீர் கொடுக்கப் போனபோது மிஸ்ஸைச் சுற்றி அத்தனை பேர். அவர் கையை நீட்டவில்லை, நானும் கோப்பையை வைத்துவிட்டு வந்துவிட்டேன். நேரம் பிந்தியதால் உள்ளங்கை வைக்கும் வழக்கத்தையும் அன்று விட்டுவிட்டார்கள். நேராக ஜெல் பூசினார்கள்.

வழக்கமாகக் கருவியிலிருந்து தாழ்ந்த ஓர் இரைச்சல் கேட்கும், ஆற்றுப் பாலத்துக்குக் கீழே நின்றால் கேட்பது போல. அன்று விசில் அடிப்பது போன்ற கூர்மையான சத்தம் வந்தது. திரையில் சிவப்பும் நீலமுமாக இருக்கவேண்டிய இடத்தில் ஓரிடம் மட்டும் பச்சையும் மஞ்சளுமாகச் சிதறியது. கருவியைப் பிடித்திருந்த பதுளைத் தம்பி துள்ளிவிட்டான்.

"மிஸ்! கலர் எல்லாம் வந்துருச்சு! புத்தகத்துல இருக்க மாதிரியே இருக்கு!"

எல்லாரும் எழுந்து வந்து போனில் படம் எடுத்தார்கள். பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். தேநீர்த் தட்டோடு வாசலில் நின்ற எனக்கும் அது ஏதோ நல்ல விஷயம் போலத்தான் இருந்தது. மிஸ் திரையை ஒரு முறையும் தன் கையை ஒரு முறையும் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"இண்டைக்கு உங்களுக்கு அதிர்ஷ்டம். இதுதான் ஒடுக்கம். உயிருள்ள கையில இப்பிடித் துல்லியமாப் பாக்கக் கிடைக்காது. ருவான், இதைப் பதிவு செய்யும்." பிறகு கேட்டார். "வீட்டில பைப்பில தண்ணி விடேக்க வாயை விரலால பொத்தினா என்ன நடக்கும்?"

"தூரமா அடிக்கும் மிஸ்."

"ஓம். தூரமா அடிக்குது எண்டு சந்தோசப்படக் கூடாது. பைப் அடைபடுது எண்டு அர்த்தம்."

எல்லாரும் அதை எழுதிக்கொண்டார்கள். நீட்டிய கையை எடுக்காமலே பாடத்தை முடித்தார். ஒவ்வொருவரும் அந்த இடத்தைத் தேடிப் பிடிக்கும்வரை காத்திருந்தார். எல்லாரும் பிடித்தார்கள். அவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்தார்.

சாயங்காலம் நான் அவருடைய கையிலிருந்து ஜெல்லைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ருவான் அண்ணா வந்து கேட்டார். "மிஸ், இப்ப ஆஸ்பத்திரி போவமா? நான் வேன் எடுக்கிறது."

"நாளைக்கு இலைப் பாடம் இருக்கு. விடிய வெள்ளன பஸ் ஏறி வந்த பிள்ளையள் இருக்கினம். திங்கக்கிழமை எனக்கு எப்பிடியும் டயாலிசிஸ்தானே. அப்ப காட்டுவன்."

"வலிக்குதுங்களா மிஸ்?" என்று நான் கேட்டேன்.

"வலி இல்லை, பிள்ளை. வலி இருந்தா நான் நல்ல பிள்ளையாப் போயிருப்பன்."

ருவான் அண்ணா இன்னொரு முறை கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? அந்த ஒடுக்கத்தைப் பற்றி மிஸ்ஸைவிட அதிகமாகத் தெரிந்தவர் அந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை. எங்களுக்கு அது ஆபத்து என்று சொல்லித் தந்தவரே அவர்தான். அவர் பிறகு பார்க்கலாம் என்றால் அது பிறகு பார்க்கக்கூடிய ஒன்றுதான் என்று நாங்கள் நினைத்தோம். ஞாயிற்றுக்கிழமை வெளிச்சத்தில் இலையைத் தூக்கிப் பிடித்தார். யாரோ பசளிக்கீரைச் சுண்டல் பகிடி ஒன்று சொன்னார்கள். எல்லாரும் வயிறு நோகச் சிரித்தோம்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கையில் ஓட்டம் நின்றிருந்தது. அடைப்பை எடுக்க முயற்சி செய்தார்கள், சரிவரவில்லை. அவசரத்துக்குக் கழுத்தில் ஒரு குழாய் போட்டு அதன் வழியாகச் சுத்திகரித்தார்கள். நானும் ருவான் அண்ணாவும் பார்க்கப் போனோம். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். மிஸ்தான் கையை நீட்டினார்.

"மெஷின் நிண்டிட்டுது, பிள்ளை."

நான் உள்ளங்கையை வைத்தேன். தோல் சூடாக இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. தொழிற்சாலை மூடிய நாட்களில் சுவர் எப்படி இருக்குமோ அப்படி. கையை எப்போது எடுக்கவேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் ருவான் அண்ணாவின் பக்கம் திரும்பினார்.

"சனிக்கிழமை எடுத்தது இருக்குதானே? அழிச்சிடாதேயும். அப்பிடி ஒண்டு திரும்பக் கிடைக்காது."

பிறகு காய்ச்சல் வந்தது. கழுத்துக் குழாய் வழியாகக் கிருமி இரத்தத்தில் இறங்கிவிட்டது என்றார்கள். மருந்து மாற்றினார்கள். சித்தி தினமும், "மிஸ்ஸு எப்புடி இருக்காங்க புள்ள?" என்று கேட்பார். "அப்படியே இருக்காங்க" என்பேன். தமையனார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வார்டுக்கு வெளியே ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தார். நான் ஒவ்வொரு காலையும் அந்தப் பெட்டிக் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தேன். குழாய் சின்ன விரல் நீளத்திலேயே இருந்தது.

யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோவதற்கு முன் கண்டியில் ஒரு மலர்ச்சாலையில் அஞ்சலிக்காகக் கொஞ்ச நேரம் அவரை வைத்திருந்தார்கள். நானும் போனேன். இடது கையைச் சேலையால் மூடியிருந்தார்கள். அதைத் தொடவேண்டும் என்று இருந்தது. சுற்றிலும் பெரிய பெரிய ஆட்கள் நின்றார்கள். நான் சுவரோடு நின்றுவிட்டேன். தமையனார்தான் என்னைத் தேடி வந்தார்.

"நீர்தானே அந்தக் கடற்பாசிப் பிள்ளை? உம்மளைப் பற்றிச் சொல்லுவா." பிறகு கேட்டார். "அண்டைக்கே போயிருந்தா தப்பியிருப்பாவோ?"

என்னிடம் கேட்டார். டொக்டர்களிடமும் கேட்டிருப்பார். தப்பியிருக்கலாம், போயிருந்தாலும் அடைத்திருக்கலாம் என்று அவர்கள் சொன்னார்களாம். நான் "தெரியலிங்க" என்றேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்ல முடியும். வண்டிக் கதவைச் சாத்தினார்கள். வண்டி மாத்தளை வீதியில் திரும்பும்வரை ருவான் அண்ணா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

போன வாரம் மறுபடியும் பட்டறை நடந்தது. கொழும்பிலிருந்து புதிய விரிவுரையாளர் ஒருவர் வந்தார். நல்லவர். கடற்பாசியில் பழகி முடிந்ததும், ஒடுக்கத்துக்கு உதாரணம் காட்ட அந்தச் சனிக்கிழமைப் பதிவைப் போட்டார்கள். பச்சையும் மஞ்சளும் சிதறின. விசில் கேட்டது. இறந்தவரின் இரத்தம் அந்த அறையில் ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக வந்தவர்கள் குனிந்து எழுதிக்கொண்டார்கள். நான் தட்டோடு வாசலில் நின்றேன். நிறுத்துங்கள் என்று சொல்லத் தோன்றியது. ஆனால் அதை வைத்திருக்கச் சொன்னவர் மிஸ்தான்.

பிறகு ருவான் அண்ணாவிடம், கை நன்றாக ஓடியபோது எடுத்த பதிவு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவர் கருவி முழுக்கத் தேடிப் பார்த்தார். இல்லை. இடம் போதாதபோது சாதாரணமாக இருப்பவற்றை அழித்துவிடுவார்களாம். நன்றாக ஓடும் கை யாரிடமும் இருக்கும், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று மிஸ்ஸே சொல்லியிருக்கிறார். பாலத்துக்குக் கீழே கேட்பது போன்ற அந்த இரைச்சல் எங்கும் இல்லை.

புதியவர் தன் மாணவர்களை நேராகக் கருவியைப் பிடிக்கச் சொன்னார். முதலில் உள்ளங்கை வைக்கவேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மிஸ்ஸிடம் படித்தவர்கள் இதை வாசிப்பீர்கள். அந்த அறைக்கு எப்போதாவது வந்தால் நீங்கள் சொல்லுங்கள்.

மிஸ்ஸிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த நடுக்கம்தான். அது என் வலது உள்ளங்கையில் இருக்கிறது. அதை யாருக்கும் எடுத்துக் காட்ட முடியவில்லை. காலையில் மிஸ்ஸின் மேசையில் தேநீர்க் கோப்பையை வைத்ததும் என் கை இன்னும் ஒரு கணம் அங்கேயே காத்து நிற்கிறது. பிறகு நானே கையை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்விடுகிறேன்.